பலகை விளக்கு அணைந்தால் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்

1

போன மாதம் கணபதியின் காரில் டாஷ்போர்டு விளக்குகள் அணைந்துவிட்டன. கணபதி என் ஒரே மகன். மலாயாவில், தைப்பிங் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில், காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரஸராக இருக்கிறான். நான் அவனோடும் மருமகளோடும் ஐந்து வயசுப் பேத்தி மீனாவோடும் இருக்கிறேன். தென்காசியை விட்டு வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது.

வண்டி பழசு. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னாலேயே ஓடிக் களைத்த வண்டி. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து கைமாறி வந்தது. கதவை ரெண்டு தரம் அறைந்து சாத்த வேண்டும். மழை பெய்தால் உட்கார்ந்திருக்கிறவர்கள் காலடிக்குத் தண்ணீர் வரும். அதற்கென்று நான் ஒரு சாக்குத் துண்டு வைத்திருக்கிறேன். இதெல்லாம் கணபதிக்குப் பெரிசில்லை. ஆனால் பொழுது சாய்ந்து ஓட்டும்போது முன்னால் இருக்கிற வட்டங்கள் இருட்டிக் கிடந்தால் எவ்வளவு வேகம் போகிறோம், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, என்ஜின் கொதிக்கிறதா, ஒன்றும் தெரியாது. அவன் ஓட்டிக்கொண்டே தீக்குச்சியைக் கிழித்துப் பார்ப்பான். மருமகள் "ஐயோ, பெட்ரோல் வண்டிக்குள்ள நெருப்பா!" என்று அலறுவாள்.

அந்த விளக்குகள் அணைந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கார் விளக்குக்கு ஒரு கிழவி ஏன் ஏங்க வேண்டும் என்று மருமகள் கேட்டாள். நான் வழக்கம்போலச் சிரித்து மழுப்பிவிட்டேன். சின்ன வயசிலிருந்தே நான் வாய் பேசாதவள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. நாலு பேர் கூடின இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது.

இப்போது எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. குற்றாலத்து ரோட்டில் நடந்த ஒரு காரியத்தால் ஒரு மனுஷர் மேல் விழுந்த பழி இன்னும் அங்கனயே கிடக்கிறது. அதை எடுக்க வேண்டியவள் நான்.

2

கணபதியின் அப்பா தென்காசியில் ஒரு பெரிய வீட்டில் வில்வண்டி ஓட்டினவர். அந்த வீட்டு ஐயா ஒரு கார் வாங்கினார். துணிக்கூரை போட்ட வண்டி. மழை வந்தால் பக்கத்துக்குப் பக்கம் திரை மாட்ட வேண்டும். டிரைவர் வேலைக்கு மெட்ராஸிலிருந்து ஆள் வரும் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஐயாவோ, "மாட்டைப் பழக்கினவனுக்கு இரும்பைப் பழக்கத் தெரியாதாக்கும்?" என்று இவரையே திருநெல்வேலிக்கு அனுப்பிப் பழகி வரச் சொன்னார். மூன்று மாசம் கழித்துக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் யாரோ போலீஸ் என்று கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

வண்டிக் கொட்டகைக்குப் பின்னாலதான் எங்களுக்கு வீடு. ஒரு நாள் மத்தியானம், ஐயா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்கன வா. ஒருத்தரும் இல்ல, வா. இந்த மூஞ்சிப் பலகையில சின்னதா ஒரு வெளக்கு இருக்கு பாத்தியா? இதுக்கும் வண்டிக்குப் பொறத்தால இருக்குத செவப்பு வெளக்குக்கும் ஒரே கம்பி. கரெண்டு இதுக்குள்ள நொழஞ்சுதான் அதுக்குப் போவுது. இது எரிஞ்சா அது எரியுதுன்னு அர்த்தம். இது அணைஞ்சா?"

நான் கொட்டகை வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"சொல்லேன், வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அதுவும் அணைஞ்சிருக்கும்."

"பாத்தியா! ஐயாவுக்கே ரெண்டு மட்டம் சொன்ன பொறவுதான் வெளங்கிச்சு. ஓட்டுதவனுக்கு முதுகுல கண்ணு கிடையாதுல்லா? அதுக்காவ வெள்ளைக்காரன் இப்படி வச்சிருக்கான். பலகை வெளக்கு அணைஞ்சா வண்டிய ஓரங்கட்டிட்டு, எறங்கி, பின்னால போயிப் பாக்கணும். அதுதான் டிரைவருக்கு லெச்சணம்."

அந்தக் காலத்துச் சில வண்டிகளில் அப்படித்தானாம். இப்போது ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி என்று கணபதி சொல்கிறான்.

3

இங்கே வருஷா வருஷம் வண்டியைச் சர்க்கார் ஆபீசில் கொண்டுபோய்க் காட்டி முத்திரை வாங்க வேண்டும். இந்தத் தடவை கணபதி போன அன்று நானும் வண்டியில் இருந்தேன். அவன் அப்பாவுக்குத் திதி வருகிறது. கோயிலில் ஐயரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அப்படியே ஆபீசுக்குப் போனோம். சோதிக்கிற அதிகாரி பிரேக்கை மிதித்துப் பார்த்தார், ஹாரன் அடித்துப் பார்த்தார், எல்லாம் சரி. டாஷ்போர்டைப் பார்த்தார். தலையை ஆட்டினார். தாளில் என்னமோ எழுதிக் கொடுத்துவிட்டார். முத்திரை கிடையாது.

கணபதி அதிகாரியிடம் இங்கிலீஷில் கேட்டான். கிளார்க்கிடம் மலாயில் கேட்டான். வாசல் பியூன் தமிழன், அவனிடம் தமிழில் கேட்டான். மூன்று பாஷையிலும் ஒரே பதில்தான்: விளக்கைச் சரிபண்ணு, சரிபண்ணின ஒர்க்ஷாப்பில் கடுதாசி வாங்கு, அதை டைப் அடித்துக் கொண்டு வா. கிளார்க் என்னைப் பார்த்து மரியாதையாக, "துங்கு, துங்கு" என்று பெஞ்சைக் காட்டினார். காத்திரு என்று அர்த்தம். இத்தனை வருஷம் ஆகியும் அந்தச் சொல்லைக் கேட்டால் ஒரு நொடி எனக்கு, பட்டப்பகலில் தூங்கச் சொல்லுதாரே என்றுதான் படுகிறது.

திதியன்று இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தேன். மீனாவுக்குத் தமிழ் பாதி, மலாய் பாதி. சோறு வேண்டாம் என்றால் "தா மாவ்" என்று மலாயில் சொல்வாள். என் பேச்சைக் கேட்டால், "ஆச்சி பாட்டுப் பாடுறாங்க" என்று சிரிப்பாள். அவள் அப்பாவிடம் கேட்டாள்:

"தாத்தா என்ன வேலை செஞ்சாங்க?"

கணபதி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான்: "உங்க தாத்தாவா? வெளக்கணைச்சான் டிரைவர்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அது அவனாகக் கட்டின பேர் இல்லை. தென்காசியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவனுக்கு வைத்தது. "ஏலே, வெளக்கணைச்சான் மவனே!" என்று தெருவில் கூவுவார்கள். ஒன்பது வயசுப் பிள்ளை, சிலேட்டை முகத்துக்கு மறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவான். இப்போது அதையே தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறான். மீனா அதைச் சொல்லிப் பார்த்து நாக்கு குழறிச் சிரித்தாள். மருமகளும் சிரித்தாள்.

நான் பாயசத்தை ஊற்றிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். அவர் படத்துக்கு மாலை போட்டிருந்த அன்றைக்கும் என் வாய் திறக்கவில்லை.

4

அந்தப் பேர் எப்படி வந்தது என்று சொல்லுகிறேன்.

ஆயுத பூஜை வந்தது. பெரிய வீட்டில் கலப்பை முதல் கதிர் அரிவாள் வரை எல்லாவற்றையும் கழுவிக் குங்குமம் வைப்பார்கள். அந்த வருஷம் காருக்கும் பூஜை. கணபதியின் அப்பா முதல் நாளே வண்டியைக் கழுவித் துடைத்து, "நீ இதுல கை வைக்காத, என்ன? இது அண்டா குண்டா இல்ல," என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் மாலை வாங்கப் போனார்.

பெரிய வீட்டில் சமையல் செய்கிற இசக்கியம்மா விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்காரி. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"ஏட்டி ஆவுட, எங்க குத்துவெளக்கப் பாரு, மொகம் தெரியுது. ஒம் மாப்பிள்ள ஓட்டுத வண்டிக்குப் பின்னால ஒண்ணு தொங்குதே, கருத்துப்போயி, கரிக்கட்டையாட்டம்? பூச நாளும் அதுவுமா லெச்சுமி எங்கயிருந்து வருவா?"

பின்னால் இருந்த சிவப்பு விளக்கின் கூடும், அதை வண்டி இரும்போடு சேர்த்துப் பிடித்திருந்த காலும் பித்தளை. மழையிலும் புழுதியிலும் கருத்திருந்தது. இசக்கியம்மா சொன்னது என்னைச் சுட்டது. வாய் பேசத் தெரியாதவளுக்குக் கைதான் பதில். பாக்குவெட்டி நுனியால் திருகாணியை நெம்பித் திருப்பி, விளக்கைக் காலோடு கழற்றினேன். கம்பியைப் பார்த்து வைத்துக்கொண்டேன். கண்ணாடியையும் பல்பையும் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, கூட்டையும் காலையும் புளித் தண்ணீரில் ஊறப்போட்டு, செங்கல் பொடியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். தங்கம் மாதிரி வந்தது. அவர் வருகிற சத்தம் கேட்டது. ஈரம் சரியாகத் துடைக்காமல், இருந்தபடியே மாட்டித் திருகிவிட்டேன்.

அவர் பார்த்தார். "கை வைக்காதன்னு சொன்னம்லா?" என்றார். கோபம் இல்லை. துணியை வைத்து மேலே துடைத்திருக்கிறேன் என்றுதான் நினைத்தார். கழற்றினேன் என்று நான் சொல்லவில்லை. பூஜைக்கு வந்த ஐயா பின்னால் போய் நின்று, "அடேயப்பா, வெளக்கு மின்னுதே!" என்றார். கணபதியின் அப்பா என் பக்கம் திரும்பிக் கண்ணாலே சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அப்புறமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

பத்து நாள் ஆகியிருக்கும். மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. பலகை விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. கையால் பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் எரியும், குழியில் வண்டி இறங்கினால் அணையும். தட்டினால் எரிகிறதே, அதனால் கோளாறு பலகையில்தான் என்று அவர் நினைத்தார். பல்பை மாற்றிப் பார்த்தார். சுவிட்சைக் கழற்றி ஊதி மாட்டினார். கம்பியை அடி அடியாகத் தடவிக்கொண்டே போனார். பின் விளக்கின் கண்ணாடியைத் திறந்து பல்பைப் பார்த்தார். பல்பு நன்றாக இருந்தது. மூடிவிட்டு மறுபடியும் பலகைக்கே போனார். மூன்று நாள்.

ஐயாவின் காரியஸ்தர் வந்து கொட்டகை வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்: "என்னவே டிரைவரே, மாடுன்னா வாலத் தூக்கிப் பாத்துச் சீக்கச் சொல்லிப்போடுவீரு. இதுல எதத் தூக்கிப் பாக்கப் போறீரு?"

கூட நின்ற ஆட்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், கிரீஸ் முகத்தோடு.

நான் மோர்ச் செம்போடு கொட்டகைக்குப் பின்பக்கம் நின்றிருந்தேன். என் மனசில் குறுகுறு என்றது. நான்தான் அதைக் கழற்றினேன், நான்தான் மாட்டினேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நாலு ஆம்பிளைகள் நிற்கிறார்கள். செம்பைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சாப்பிட வருவாரே, அப்போது சொல்லலாம்.

வந்தார். சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னேன்:

"கேட்டியளா... அந்தப் பின்னால இருக்குத வெளக்கு..."

"ஏட்டி, வண்டியிலேயே அது ஒண்ணுதான் பளபளன்னு இருக்கு. அத விடு. ரசம் இருக்கா?"

ரசம் ஊற்றினேன். நான் சொல்ல வேண்டியது இன்னும் ஒரே ஒரு சொல்தான். கழட்டினேன். நாக்கு நுனி வரை வந்தது. அன்றைக்குச் சாயந்தரம் விளக்கு தானாக எரிந்தது, அணையவே இல்லை. "சரியாப்போச்சு, சுவிட்சுதான்," என்று கை கழுவினார். நானும் அதை நம்பிக்கொண்டேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

5

ஐப்பசி விசு. ஐயாவின் அக்கா, பெரிய ஆச்சி என்போம், குற்றாலத்தில் தீர்த்தமாட வேண்டும் என்றார்கள். அறுபதுக்கு மேல் வயசு. விதவை. என்னிடம் பிரியமாக இருப்பார்கள். "நீயும் வாட்டி," என்று கூப்பிட்டார்கள். காரில் ஏற வெட்கப்பட்டு, வீட்டில் வேலை இருக்கிறது என்றேன். அதனால் மிச்சத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. அவர் சொல்லித் தெரிந்ததுதான். அவர் பொய் சொல்லமாட்டார்.

அருவியில் குளித்து, கோயிலில் கும்பிட்டு, திரும்பும்போது பொழுது அடைந்துவிட்டது. நல்ல மழை. ஆச்சி பின் சீட்டில் நனைந்த தலையோடு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில் பலகை விளக்கு பட்டென்று அணைந்தது. தட்டினார், எரியவில்லை.

ஆச்சி கேட்டார்களாம்: "ஏன் நிறுத்துத? வீட்டுக்குப் போயிரலாம்லா?"

"இல்ல ஆச்சி. பின்னால செவப்பு வெளக்கு அணைஞ்சிருக்கும். மழையில நம்ம வண்டி பொறத்தால வாரவனுக்குத் தெரியாது. ஒரு நிமிசம், பாத்துட்டு வந்திருதேன்."

மரத்தடியில் ஓரங்கட்டினார். அங்கன ரோடு குறுகல், ஒரு சக்கரம் ரோட்டில்தான் நின்றது. கீழே இறங்கி, சுற்றிக்கொண்டு பின்னால் போனார். தீப்பெட்டி நமுத்திருந்தது. விளக்கின் மேல் கையை வைத்தபோதுதான் வளைவில் பஸ் வந்தது. இவர் பள்ளத்தில் விழுந்து தப்பினார். பஸ் வண்டியை இடித்துத் தள்ளியது.

ஆச்சிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் இருந்தது. நடை போனது.

மறுநாள் பெரிய வீட்டு முற்றத்தில் ஐயா விசாரித்தார். பஸ்காரன், "சாமி, பின் வெளக்கே இல்ல, இருட்டுல நடு ரோட்டுல நிறுத்தியிருந்தான்," என்றான். அது நிஜம்தானே. இவர், "வெளக்கப் பாக்கத்தான் எறங்கினேன் ஐயா," என்றார். காரியஸ்தர் உடனே, "மூணு நாளா வெளக்கு சரியில்லன்னு ஊருக்கே தெரியும். அத வச்சிக்கிட்டு ஆச்சிய ஏத்திட்டுப் போயிருக்கான். நிறுத்தினது பீடி குடிக்கவா இருக்கும்," என்றார். இவர் பீடி குடித்தது கிடையாது.

நான் தூண் மறைவில் நின்றிருந்தேன். முற்றத்தில் இருபது பேராவது இருப்பார்கள். ஐயா கடைசியில் கேட்டார்: "வெளக்கு ஏன் அணைஞ்சுது? சொல்லு. காரணம் சொல்லு."

"தெரியல ஐயா. எல்லாம் பாத்தேன். எனக்குத் தெரியல."

அது தெரிந்திருக்கக்கூடியவள் நாலடி தூரத்தில் நின்றாள்.

"வெளக்கு ஏன் அணைஞ்சதுன்னு தெரியாதவன் இனிமே என் வாசல்ல நிக்கக்கூடாது," என்றார் ஐயா. அவர் சொன்னால் தென்காசியில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? கடையநல்லூர், செங்கோட்டை என்று அலைந்தார். அவருக்கு முன்னால் பேச்சுப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தத் தை மாசம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம்.

இங்கே தோட்டத்தில் ரப்பர் தாள்களுக்குப் புகை போடுகிற கொட்டகையில் வேலை பார்த்தார். துரை, டிரைவர் வேலை தெரியுமா என்று கேட்டபோது, தெரியாது என்றார். அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. யுத்தம் முடிந்து கணபதி இந்த வண்டியை வாங்கினபோது ரெண்டே ரெண்டு தடவைதான் ஏறினார். ரெண்டு தடவையும் பொழுது சாய்ந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, கம்பை ஊன்றிப் பின்னால் போய்ச் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கணபதி, "எரியுதுப்பா! எரியுது! ஊரே பாக்குது, ஏறுங்க!" என்று கத்தினான். அவர், "எரியுதுடே," என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அடுத்த வருஷம் இறந்துபோனார்.

பெரிய ஆச்சி நாலு வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார்கள் என்று கடுதாசியில் வந்தது.

6

திதிக்கு மறுநாள் கணபதி வண்டியை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனான். மருமகள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், மீனாவையும் கூட்டிக்கொண்டு. வீட்டில் தனியாக இருக்க மாட்டேன், நானும் வருகிறேன் என்றேன். அவனுக்கு ஆச்சரியம். நான் எங்கேயும் வருகிறேன் என்று சொன்னதில்லை.

ஒர்க்ஷாப் நடத்துகிறவர் ஒரு சீனர், என் வயசுதான் இருக்கும். தவுக்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிடுகிறார்கள். தோட்டத்து லாரிகள் வந்து வந்து தமிழும் பழகிவிட்டார். எனக்கு ஒரு முக்காலி போட்டார். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் பியூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. டாஷ்போர்டு பல்புகளை எடுத்து வேறு இடத்தில் மாட்டினார். எரிந்தன. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்று இருக்கிறது, அதை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். கம்பியில் கரெண்டு வருகிறதா என்று ஒரு சின்ன பல்பை வைத்துத் தொட்டுப் பார்த்தார். வந்தது. கணபதி, "எல்லாம் நல்லா இருக்கு, ஆனா எரியல. பேய் புடிச்ச வண்டி," என்றான். வேறொரு கொட்டகையில் மூன்று நாள் பார்த்ததெல்லாம் அதே வரிசையில் நடந்தது.

தவுக்கே தலையைப் பலகைக்கு அடியில் விட்டு, காலை வெளியே நீட்டிப் படுத்தார். ஒரு திருகாணியைக் கழற்றி எடுத்து வந்து என் முக்காலிக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புக் கம்பி ஒன்று பித்தளை வளையத்தோடு காரின் இரும்பில் சேருகிற இடம். வளையத்தின் அடியில் பச்சையாக மாவு பிடித்திருந்தது.

"காராத்," என்றார். மலாயில் துரு என்று அர்த்தம்.

"கரெண்டு போக ஒரு கம்பி. திரும்பி வர இரும்புதான் வழி. இங்கே அழுக்கு, வழி இல்லை. ஆட்டினா கொஞ்சம் தொடும், எரியும். அப்புறம் அணையும்."

அது துரு இல்லை. களிம்பு. புளி போட்டுத் தேய்த்த பாத்திரத்தை ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் அடியில் பூக்கிறதே, அது. பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்தது. தவுக்கே கத்தியால் சுரண்டி, துடைத்து, மாட்டினார். சுவிட்சைப் போட்டார். அத்தனை வட்டங்களும் மஞ்சளாக எரிந்தன.

இருபது வருஷமாக, நான் தேய்த்து மாட்டினதால்தான் என்று நிச்சயமா, வேறு ஏதாவது இருக்கலாம் இல்லையா என்று நான் ஒரு மூலையில் எனக்காக வைத்திருந்த சந்தேகம் அதோடு போயிற்று.

நான் பேசினேன். கணபதி திரும்பிப் பார்த்தான், யார் பேசுகிறது என்று.

"தவுக்கே, வெளிய பளபளன்னு இருந்தா, உள்ள இப்படி இருக்குமா?"

"இருக்கும் அம்மா. வெளியே பாத்தா ஒண்ணும் தெரியாது. கழட்டினவனுக்குத்தான் தெரியும்."

7

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, அவன் முகம் ரோட்டைப் பார்த்திருந்தது. அது வசதியாக இருந்தது. இசக்கியம்மா சொன்னதில் தொடங்கி, புளித் தண்ணீர், மோர்ச் செம்பு, தூண் வரைக்கும் சொன்னேன். இத்தனை நீளமாக நான் யாரிடமும் பேசினதில்லை.

அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"அப்பாட்ட எப்பச் சொன்ன?"

"சொல்லல."

"கப்பல்ல?"

"இல்ல."

"இங்க வந்து பதினெட்டு வருசம் ஒரே வீட்டுல இருந்தியளே. ஒரு நாள் கூடவா?"

"அவுக சாகக் கிடக்கும்போது சொல்லலாம்னு பக்கத்துல போனேன். 'தண்ணி வேணுமா'ன்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின.

"நான் அவர அதட்டினேம்மா. ரெண்டு மட்டமும். கம்ப ஊனிக்கிட்டு நின்ன மனுசன."

"தெரியும்ல."

"எனக்கு அவர் மேல எத்தன வருசமா... ஒரு வெளக்கப் பாத்து ஓட்டத் தெரியாதவரு, அவரால ஊரு போச்சு, பேரு போச்சுன்னு..." அவன் முடிக்கவில்லை. "நேத்து இலையில ஒக்காந்து எம் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தேனே. நீ பாயசம் ஊத்திட்டுப் போன."

அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவன் அழவில்லை. வண்டியை எடுத்தான். அதற்கப்புறம் நாலு நாள் என்னோடு பேசவில்லை. மருமகள் திரும்பி வந்ததும் அவளிடம் கூட மலாயில்தான் பேசினான், ஆஸ்பத்திரி ஆட்களிடம் இங்கிலீஷில் பேசினான். வீட்டில் தமிழ்ச் சத்தமே இல்லை. பேசாமல் இருந்தால் எதிராளிக்கு எப்படி இருக்கும் என்று அந்த நாலு நாளில் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் மீனாவைக் கூட்டிக்கொண்டு வந்து என் பாயில் உட்கார வைத்தான். "தாத்தா என்ன வேலை செஞ்சாங்கன்னு ஆச்சி சொல்லுவா, கேளு," என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டான். சொன்னேன். பிள்ளைக்கு எவ்வளவு புரிந்ததோ. "தாத்தா மழையில இறங்கினாங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமா என்றேன்.

பிறகு கணபதி ஒரு கட்டுக் காகிதமும் பேனாவும் கொண்டுவந்து வைத்தான்.

"எங்கிட்டச் சொன்னா போதாது. தென்காசியில படிக்குத மாதிரி எழுது."

"எனக்கு எழுத எங்க வருது?"

"பேசுத மாதிரியே எழுது. இப்பத்தான் பேச வருதுல்லா," என்றான். அந்த ஒரு குத்தல்தான். நியாயமான குத்தல்.

8

பெரிய வீட்டில் இப்போது யார் இருக்கிறார்களோ தெரியாது. ஐயா உயிரோடு இருந்தால் எண்பது நெருங்கும். இல்லாவிட்டால் பிள்ளைகள் இருப்பார்கள். கணபதியோடு படித்தவர்கள் இப்போது பெரிய மனுஷர்கள் ஆகியிருப்பார்கள், கடை வைத்திருப்பார்கள், பஸ் கூட வைத்திருப்பார்கள். யாராவது ஒருத்தர் இதை வாசித்தால் போதும், இன்னொருத்தருக்குச் சொல்வார்.

அன்றைக்கு முற்றத்தில் ஐயா காரணம் கேட்டார். காரணம் இது: பின் விளக்கின் காலைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து ஈரத்தோடு மாட்டினவள் நான். களிம்பு பிடித்து வழி அடைத்தது. டிரைவருக்கு அது தெரியாது. தெரியவிடாமல் இருந்தவளும் நான்தான். அவர் பீடி குடிக்க நிறுத்தவில்லை. நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் பத்து நிமிஷத்தில் வீடு வந்திருக்கும், ஒருத்தரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். பெரிய ஆச்சிக்கு நான் செய்த தீங்குக்கு இனி யாரிடம் மன்னிப்புக் கேட்க? அவர்களும் இல்லை. இவரும் இல்லை.

யாரைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? கணபதியின் அப்பா என்றால் எந்தக் கணபதி என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் கட்டினவர் பேரைப் பெண்கள் சொல்வதில்லை. ரேஷன் கார்டுக்குக் கேட்டபோதும், அவர் இறந்ததைப் பதிகிற ஆபீசில் கேட்டபோதும் கணபதிதான் சொன்னான். அந்தப் பேருடைய சாமியைக் கூட நான் "நம்ம சாமி" என்றுதான் கும்பிடுவேன். இந்த அறுபது வயசு வரை என் வாயாலோ கையாலோ அந்தப் பேர் வந்தது இல்லை. இதையும் கணபதியை எழுதச் சொல்லலாம் என்று பேனாவை வைத்தேன். பிறகு எடுத்துக்கொண்டேன்.

சுடலைமுத்து. தென்காசி டிரைவர் சுடலைமுத்து. அவர் வண்டியை நிறுத்தினது விளக்கைப் பார்க்கத்தான்.